டோபி இல்லாத டோபிக் கடை

மலேசிய நாட்டின் எந்த ஊரில் நீங்கள் இறங்கினாலும், பள்ளிவாசல் மினாராவுக்கும் நம்மவர் நடத்தும் 'மாமாக்' உணவகத்துக்கும் அடுத்தபடியாக உங்கள் கண்ணில் படும் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. 'டோபி லாயான் டீரி' என்று அதில் எழுதியிருக்கும். மலாய் அறியாதவர்க்கும் அதன் முதற் சொல் புரிந்துவிடும். டோபி என்றால் துணி வெளுப்பவர். லாயான் என்றால் பணிவிடை செய்தல். டீரி என்றால் தன்னை. தனக்குத்தானே பணிவிடை செய்துகொள்ளும் வெளுப்புக்கடை என்பது பொருள்.

உள்ளே எட்டிப் பார்த்தால் டோபி இல்லை. கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியும் இல்லை. சுவரோரமாக, வட்டக் கண்ணாடிக் கதவு பொருத்திய இயந்திரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒருபுறம் துவைப்பவை, மறுபுறம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட உலர்த்துபவை. மூலையில் ஓர் இரும்புப் பெட்டி ரிங்கிட் நோட்டை விழுங்கிவிட்டு, கலகலவென்று டோக்கன்களை உதிர்க்கிறது. இப்போது கைப்பேசியைக் காட்டியே கட்டணம் செலுத்தும் கடைகளும் பெருகிவிட்டன. துணியைத் திணித்துக் கதவை அடைத்து, குளிர்நீரா வெந்நீரா என்று பொத்தானை அழுத்தினால் போதும். பல கடைகளில் சவுக்காரத் திரவத்தையும் இயந்திரமே வார்த்துக்கொள்கிறது. அரை மணியில் துவைத்து முடிந்துவிடும். பிறகு எரிவாயுவின் வெப்பத்தில் சுழலும் உலர்த்தியில் இன்னுமோர் அரை மணி. ஆக, ஒரு மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு வார அழுக்கு, மடித்துப் பெட்டியில் வைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடுகிறது.

நம் ஊரில் மொட்டைமாடிக் கொடியில் காலையில் போட்ட கைலி லுஹருக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். அங்கே அப்படியன்று. நினைத்தபோதெல்லாம் மழை, மழை இல்லாத வேளையிலும் காற்றில் ஈரம். அடுக்குமாடி வீட்டின் சிறு முன்றிலில் தொங்கும் துணி இரண்டு நாளாகியும் காயாமல் புழுங்கிய வாடை எடுக்கிறது. அறைக்கு நான்கு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளரும், விடுதி மாணவரும், இருவருமே வேலைக்குப் போகும் தம்பதியரும் இந்தக் கடைகளைத் தேடிப் போவதில் வியப்பில்லை. பக்கத்திலேயே மாமாக் கடை இருந்துவிட்டால் வசதி இரட்டிப்பு. இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு, ஒரு 'தே தாரிக்' வரவழைத்து ஆறஅமரப் பருகுகிறார்கள். நம் கடலோர ஊர்களிலிருந்து சென்றவர்கள் ஊன்றிய உணவுத் தொழிலும், ஆளில்லாத இந்த வெளுப்புத் தொழிலும் ஒரே நடைபாதையில் ஒன்றையொன்று வாழவைத்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கோலாலம்பூரில் பல வட்டாரங்களில் கண்டேன்.

ஆளில்லாக் கடை என்றேன். ஆனால் கண்ணில்லாக் கடை அன்று. கூரையில் கேமரா விழித்துக்கொண்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டு கோலாலம்பூரை அடுத்த கோம்பாக்கில் இத்தகைய கடையொன்றில், கருவுற்றிருந்த ஒரு பூனையை உலர்த்தும் இயந்திரத்தில் அடைத்துச் சுழலவிட்டுக் கொன்ற கொடியவர்களை அந்தக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. அவர்கள் சிறைத்தண்டனை பெற்றனர். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் வரலாற்றை ஹதீஸில் படித்திருக்கும் நமக்கு இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுக் கடப்பதற்கே நெஞ்சு கனக்கிறது.

பெயருக்கு வருவோம். தானே துவைத்துக்கொள்ளும் கடை என்பது கீழை நாட்டுக் கற்பனையன்று. 1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த் நகரில், மின்சாரத் துவைப்பு இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு கடை பிறந்தது. அதற்கு 'வாஷட்டீரியா' என்று பெயர் சூட்டினர். தாமே தட்டெடுத்து உண்ணும் 'கஃபட்டீரியா'வின் வால் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பின்னர் 1940களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் தானியங்கித் துவைப்பு இயந்திரத்துக்கு 'லாண்ட்ரோமாட்' என்று பெயரிட்டது. அப்பெயரை ஆக்கியவர் ஜி. எட்வர்ட் பென்ட்ரே; அவர் ராக்கெட் ஆராய்ச்சியில் ஈடுபட்டவரும் ஆவார். 1939ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சியையொட்டி, பிற்காலத்தவர்க்கென்று மண்ணில் புதைக்கப்பட்ட பேழைக்குக் 'காலப்பேழை' என்று பெயர் தந்தவரும் அவரே. ஒரு நிறுவனத்தின் இயந்திரப் பெயராகப் பிறந்த சொல் நாளடைவில் அமெரிக்காவெங்கும் கடையின் பெயராகவே ஆகிவிட்டது. ஆங்கிலேயர்களோ அதை ஏற்கவில்லை. 1949ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் குயின்ஸ்வே சாலையில் முதற்கடை திறக்கப்பட்டபோது, அவர்கள் 'லாண்டரெட்' என்று சின்னதாக, நளினமாக அழைத்துக்கொண்டார்கள்.

இந்த மூன்று சொற்களிலும் ஓர் ஒற்றுமை இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று செயலைச் சொல்கிறது, ஒன்று இயந்திரத்தைச் சொல்கிறது, ஒன்று இடத்தைச் சொல்கிறது. துவைத்த மனிதரை எதுவும் சொல்லவில்லை. மலாய் மொழி ஒன்றுதான் அந்த மனிதரின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறது.

யார் அந்த டோபி? 'தோபி' என்பது இந்திச் சொல். துவைத்தலைக் குறிக்கும் 'தோனா' என்னும் வினையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரும் அவர்களின் படையினரும் அதைப் பற்றிக்கொண்டு கடல்கள் தோறும் கொண்டுசென்றார்கள். ஆங்கிலேயக் கடற்படையில் துணி துவைப்பதற்கே 'டோபி' என்று பெயராயிற்று. அவர்களின் ஆட்சி பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நிலைகொண்டபோது, வெள்ளைத் துரைமார்களின் சட்டைகளை வெளுக்க இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் செல்லும் வழியில், ஆற்றங்கரையில், 'டோபி காட்' என்று ஓர் இடமுண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாகத் துவைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வண்ணார் குடும்பத்தினர். சிங்கப்பூரின் டோபி காட்டில் வடநாட்டாரும் தமிழரும் கலந்திருந்தனர். பிராஸ் பாசா ஓடையில் துவைத்து அக்கம்பக்கப் புல்வெளிகளில் உலர்த்தினர். அந்த இடத்தைத் தமிழர்கள் அக்காலத்தில் வண்ணான் தெரு என்றே வழங்கினர். இன்று அதே இடத்தின் கீழே மூன்று பாதைகள் சந்திக்கும் பெரிய ரயில் நிலையம் இருக்கிறது, 1987இல் திறக்கப்பட்டது. நிலையப் பலகையில் தமிழ் எழுத்தில் 'டோபி காட்' என்று இருக்கிறது! தமிழர் வைத்த தமிழ்ப் பெயர் போய், இந்திப் பெயர் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ் எழுத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதுபோலவே மலேசியத் தமிழரும் 'டோபி கடையில் போட்டிருக்கிறேன்' என்றுதான் பேசுகிறார்கள்.

நம்முடைய வீடுகளிலும் ஒரு காலத்தில் இந்த உழைப்பாளிகள்தாம் வந்து அழுக்கு மூட்டையைக் கட்டிச் சென்றார்கள். உவர்மண் கரைத்து ஊறவைத்து, வெள்ளாவியில் இரவெல்லாம் அவித்து, விடியலில் ஆற்றுத்துறைக் கல்லில் அடித்து, நீலமும் கஞ்சியும் தோய்த்து, பெட்டி போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். நூறு வீட்டுத் துணிகளில் ஒன்றுகூட மாறாது. சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் அவர்கள் இடும் குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. பள்ளிக்கூடம் காணாதவர்களும் ஆக்கிய எழுத்து அது. அந்தக் குறியைக் கொண்டு, இது எவர் வீட்டுத் துப்பட்டி, இது எவர் வீட்டுக் கைலி என்று இருட்டிலும் பிரிப்பார்கள். நம் மூதாட்டிகளின் ஹஜ்ஜுப் பயணத் துணிகளும், பெருநாள் ஜிப்பாக்களும், மய்யித்து வீட்டு விரிப்புகளும் அந்தக் கைகளின் வழியே போய்வந்தவைதாம். அவற்றை உடுத்திக்கொண்டு நாம் தொழுதோம். கொண்டுவந்து கொடுத்தவரைத் திண்ணைக்கு மேலே ஏற்றினோமா என்பதை அவரவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி 'லாயான் டீரி' என்னும் பின்பகுதி. இதைப் பலகையில் படித்த கணத்தில் எனக்குப் பாடம் நடத்தும் ஒரு கிதாபு நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், பெருமானார் தம் ஆடையைத் தாமே சீராக்குவார்கள், ஆட்டில் பால் கறப்பார்கள், தமக்குத்தாமே ஊழியம் செய்துகொள்வார்கள் என்னும் கருத்தில் விடையளித்ததாக இமாம் திர்மிதீயின் ஷமாயில் நூலில் வருகிறது. தமக்குத்தாமே ஊழியம்! மலாய்க் கடைக்காரர் இதை எண்ணி எழுதியிருக்கமாட்டார். ஆங்கிலத்தின் 'செல்ஃப் சர்வீஸ்' என்பதன் மொழிபெயர்ப்புதான். ஆயினும், துணிக்கூடையைத் தோளில் சுமந்து வரும் ஆண்பிள்ளைகளை அந்தக் கடைகளில் பார்க்கும்போது உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது. நம் இல்லங்களில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டுப் போகும் வாலிபர்கள் கடல் கடந்ததும் இந்தக் கலையைக் கற்றுக்கொள்கிறார்கள்!

இப்போது இல்லத்தரசிகள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பலரும் பயன்படுத்தும் பொது இயந்திரம். நமக்கு முன் யாருடைய துணி கிடந்ததோ, என்ன அசுத்தம் பட்டிருந்ததோ. அதில் துவைத்த ஆடையோடு தொழலாமா? வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆடையைத் தூய்மையாக்கும்படி ஆரம்பகால வஹீயிலேயே, முத்தஸ்ஸிர் அத்தியாயத்தில், கட்டளை வந்துவிட்டதல்லவா?

நம் கடலோர ஊர்களிலும் மலாய் நாட்டிலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி, நஜீஸ் பட்ட துணியை இரண்டு குல்லத் அளவுக்குக் குறைந்த தண்ணீருக்குள் முக்கினால் அந்தத் தண்ணீரும் அசுத்தமாகிவிடும். ஆகவே துணியின் மீது தண்ணீர் வந்து பாயவேண்டும். நமது பாட்டிமார்கள் வாளிக்குள் துணியை அமிழ்த்தாமல் செம்பால் மொண்டு மொண்டு ஊற்றியதன் காரணம் இதுதான். இந்த இயந்திரத்தில் நடப்பதைப் பாருங்கள். முதலில் துணி உள்ளே போகிறது. கதவு அடைபட்ட பிறகுதான் தண்ணீர் பாய்கிறது. அழுக்கு நீர் முழுவதும் வடிந்த பின் புதிய நீர் வருகிறது. அதுவும் வடிந்து, மீண்டும் புதிய நீர். ஹனஃபி மத்ஹபினர், கண்ணுக்குத் தெரியாத நஜீஸை மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்பர். அலசலும் சுழற்றிப் பிழிதலும் இயந்திரத்தில் அடுத்தடுத்து நிகழ்கின்றன. ஆகவே நஜீஸின் பொருளை முன்னதாகவே வீட்டில் நீக்கிவிட்டு, நிறமும் வாடையும் எஞ்சாதவாறு அலசும் அமைப்பைத் தேர்ந்துகொண்டால் ஆடை சுத்தமாகிவிடும். முன்னவர் துணியின் நஜீஸ் ஒட்டியிருக்குமோ என்பது ஐயம். இயந்திரம் சுத்தமானது என்பதோ அடிப்படை. ஐயம் வந்து உறுதியை அகற்றாது என்பது சட்டக்கலையின் அரிச்சுவடி.

நாய், பன்றி தொடர்பான நஜீஸுக்கு ஷாபிஈ மத்ஹபில் ஏழு முறை கழுவுதலும், அவற்றில் ஒரு முறை மண் கலந்து கழுவுதலும் உண்டு. மலேசியாவில் இதற்கென்றே களிமண் கலந்த சவுக்காரம்கூட விற்கிறது. அந்நாட்டு முஸ்லிம்களுக்குப் பொது இயந்திரத்தின் மீது கூச்சம் எழுவதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கூச்சம் ஓர் ஊரில் எல்லை மீறியது. ஜொகூர் மாநிலத்தில் மூவார் என்று ஓர் அழகிய பட்டணம். ஆற்று முகத்துவாரத்தில் சுல்தான் இப்ராஹிம் ஜாமிஉப் பள்ளிவாசல், ஐரோப்பியர் பாணித் தூண்களோடும் மாடங்களோடும் நீரில் நிழல் விழ நிற்கிறது. ஊரைச் சுற்றி மரச்சாமான் தொழிற்சாலைகள். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கே ஒரு டோபி லாயான் டீரியின் வாசலில், தூய்மையைக் காரணம் காட்டி, முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே அனுமதி என்று ஓர் அறிவிப்பு தொங்கவிடப்பட்டது. யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பினர்; நாடு முழுவதும் விவாதம் மூண்டது. கடைக்காரர் உரிமை அது என்றனர் சிலர். ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவ்வாறு விடவில்லை. ஜொகூர் எல்லா இனத்தவர்க்கும் எல்லாச் சமயத்தவர்க்கும் உரியது. இந்தப் பாகுபாட்டை உடனே நிறுத்தாவிடில் கடையை மூடிவிடுவேன் என்று எச்சரித்தார். உரிமையாளர் பலகையை அகற்றி மன்னிப்புக் கேட்டார். பெர்லிஸ் மாநிலத்திலும் இதேபோன்ற ஒரு கடை தன் விதியைக் கைவிட்டது. அக்டோபரில் மலாய் அரசர்கள் அனைவரும் ஒன்றுகூடி, நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு நேர்வதுபற்றிக் கவலை தெரிவித்து அறிக்கை விடும் அளவுக்கு இந்தத் துணிக்கடை விவகாரம் பெரிதாயிற்று.

அந்த அறிவிப்பு தவறு என்பதே என் தீர்மானமான கருத்து. அரசர் கண்டித்ததனால் மட்டும் இவ்வாறு சொல்லவில்லை. ஒரு பயணத்தில் தண்ணீர் கிடைக்காமல் தோழர்கள் தவித்தபோது, இணைவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் ஒட்டகத்தில் ஏற்றிவந்த தோல்பைகளிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் நீர் எடுத்துப் பருகக் கொடுத்தார்கள். குளிப்புக் கடமையாகியிருந்த ஒருவரை அந்த நீரிலேயே குளிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேரீச்சம்பழமும் மாவும் திரட்டிக் கொடுத்தனுப்பினார்கள். புகாரியில் இது நீண்ட வரலாறாக இடம்பெறுகிறது. தபூக் பயணத்தில் அவர்கள் அணிந்திருந்தது ஷாம் நாட்டு ஜுப்பா; அன்று ஷாம் ரோமானியர் ஆட்சியில் இருந்தது. பிறர் நெய்ததையும் பிறர் தோல்பையின் நீரையும் ஐயுறாத வழிமுறை நம்முடையது. பிறர் துணி சுழன்றுபோன இரும்புத் தொட்டியை ஐயுற்று வாசலில் ஆளைத் தடுக்க அதில் எங்கே ஆதாரம்?

இன்னுமொன்றையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், வெள்ளையர் துணி மட்டுமே வெளுக்கப்படும் என்று பலகை மாட்டிய வெளுப்பகங்கள் இருந்தன. அங்கே வெளுத்தவை பெரும்பாலும் கறுப்பினப் பெண்களின் கைகள்! கை படலாம், துணி படக்கூடாது. அதைப் படித்து முகம் சுளிக்கும் நாம், நம்மவர் ஒருவர் தொங்கவிட்ட பலகைக்கு மட்டும் வேறு நியாயம் தேடலாமா? நம் பிள்ளைகள் குயின்ஸ்வேயிலும் சிகாகோவிலும் துணிக்கூடையோடு கதவைத் திறக்கும்போது அவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை.

மூவாருக்கு நான் போனபோது அந்தக் கடை எது என்று விசாரிக்கவில்லை. ஆண்டுகள் கடந்துவிட்ட ஒன்றைக் கிளறுவது பண்பாகப் படவில்லை. பேருந்துக்கு நேரமிருந்ததால், கடைத்தெருவில் கண்ணில் பட்ட வேறொரு டோபி லாயான் டீரியின் நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தேன். தலைத்துணி அணிந்த மலாய்ப் பெண்ணொருத்தி பள்ளிச் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சீன முதியவர் ஒருவர் உலர்த்தியின் கதவைத் திறக்க முடியாமல் தடுமாற, வங்கதேசத் தொழிலாளி ஒருவர் எழுந்துபோய்த் திறந்துகொடுத்தார். சுவரில் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் விதிகள் ஒட்டியிருந்தன, ஆங்கிலத்தைப் படித்தேன். காலணிகளைத் துவைக்கக் கூடாது. சாயம் போகும் துணியைத் தனியே போடவும். வளர்ப்புப் பிராணிகளின் விரிப்புகளுக்கு அனுமதி இல்லை. ரப்பர் மிதியடிகளை உலர்த்தியில் இடக் கூடாது. துணியைப் போடுவதற்கு முன் சட்டைப்பையில் சாவி, நாணயம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.